நான் முனகிய பாட்டு

1
இது என் கற்பனை இல்லை என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் எது என் கற்பனை என்பதில்தான் போன செவ்வாயன்று தலையில் இடி விழுந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2
முதல் தொடக்கம்: "மனநோயிலிருந்து மீண்டவள், தான் படுத்திருந்த அதே வார்டுக்குத் துணையாளராக வேலைக்குத் திரும்பிய அந்தப் பொன்னான காலை..." (அடித்துவிட்டேன். பொன்னாவது ஒன்றாவது.)

இரண்டாவது: இரண்டு வருடங்களுக்கு முன், இல்லாத குரல்கள் எனக்குக் கேட்டன. குரல் வந்தால் பாட்டு முனகு, அடங்கிவிடும் என்று இங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். அடங்கியது. இப்போது அந்தக் கதையை மற்ற நோயாளிகளிடம் சொல்வதுதான் என் வேலை.

3
முதல் நாள் கூட்டம். வட்டமாக எட்டு நாற்காலிகள். என் கதையில், வேலைக்கான நேர்காணலில் கைதட்டல் வாங்கித் தந்த இடத்துக்கு வந்தேன்.

"ஒரு மத்தியானம் சுவத்துக்கு அந்தப்பக்கம் ஒரு பொண்ணு, 'விழுந்துட்டேன், யாரையாவது கூப்பிடுங்க'ன்னு கெஞ்சுச்சு. நான் மசியல. முனகிட்டே இருந்தேன். சாயங்காலம் குரல் நின்னுடுச்சு. அன்னிக்குத்தான் ஜெயிச்சேன்."

ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள்.

"அக்கா, அது நான்தான்."

(இங்கே என் முகத்தை வர்ணிக்க மூன்று முறை முயன்றேன். பேயறைந்த மாதிரி என்று எழுதி... வேண்டாம்.)

4
இந்தப் பாத்திரத்தையே சந்தேகித்தேன். இவளும் என் நோயோ? கதவருகே நின்ற மூத்த நர்ஸைப் பார்த்தேன். அவருக்கும் வியர்த்திருந்தது.

5
ஒரு முடிவு: "உங்க பாட்டைக் கேட்டுட்டேதான் உசிரைப் பிடிச்சிட்டுக் கிடந்தேன்" என்று அவள் என் கையைப் பிடிக்கிறாள். எழுதிக் கிழித்துப் போட்டேன். அவள் உண்மையில் சொன்னது இது:

"அப்போ கேட்டுச்சா? நான் கூப்பிடவே இல்ல, கூப்பிட்டதா எனக்குத் தோணுச்சுன்னு என் ஃபைல்ல எழுதி வெச்சிருக்காங்க."

கூட்டம் முடிந்ததும் நர்ஸ் என்னை ஓரமாக அழைத்தார்.

"விட்டுடும்மா. இப்போ போய் அது நெஜம்னு சொன்னா, உனக்குத் திரும்ப ஆரம்பிச்சிடுச்சுன்னுதான் நினைப்பாங்க. வேலையும் போயிடும்."

6
கூட்ட அறிக்கை என் முன்னால் இருக்கிறது. கேட்டேன் என்று எழுதினால் நான் நோயாளி. கேட்கவில்லை என்று எழுதினால் அவள் பொய்க்காரி. அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப்பக்கம்

(வாக்கியத்தை முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.)

கேட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நம்புவார்களா என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் பகுதியில் அவள் கெஞ்சியபோது நீங்களும் இருந்தீர்கள். அது நோய்தான் என்று நீங்களும் நினைத்தீர்கள். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, அது அப்புறம் ஆகட்டும். முதலில் யாரையாவது கூப்பிடுங்கள்.