நாற்காலி போட்ட தெரு

தலைமையாசிரியர் ஃபுல்ஹென்சியோ பள்ளி முற்றத்தின் நடுவே நின்று கை தட்டினார். தாளம் தப்பாமல் நடந்த பிள்ளைகள் நடந்துகொண்டே இருந்தார்கள். கால் மாறிப்போனவர்களைத் தோளில் தொட்டு ஓரங்கட்டினார். சற்று நேரத்தில் சுவரோரம் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு யுனுவெனும் அதில் ஒருத்தி. எந்தத் தாளமும் அவள் காலில் ஏறியதில்லை. ஆனால் வளைந்து நழுவி ஓடினால் அவளைப் பிடிக்க ஆளில்லை.

பள்ளி விட்டபின் அதே முற்றத்தில் தினமும் நடந்துவந்த விளையாட்டு நேரத்தைத் தொடங்கியவள் உடற்பயிற்சி ஆசிரியை எரெந்திரா. யாரும் வரலாம், ஓடலாம், விழலாம் என்பதைத் தவிர அதற்கு விதி கிடையாது. இனிமேல் புரட்சி நாள் அணிவகுப்பு வரை முற்றம் ஒத்திகைக்கு மட்டும் என்றார் தலைமையாசிரியர். நகரசபை மேடைக்கு எதிரே பிள்ளைகள் தோள்மேல் ஏறிக் கோபுரம் கட்ட வேண்டும். ஓரத்தில் நிற்பவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள் எரெந்திரா. தாய்மார் பெரும்பாலும் அவகாடோ பொதியும் கொட்டகைகளில் வேலை செய்பவர்கள். திரும்பி வர இருட்டிவிடும். அதுவரை பூட்டிய வீட்டுக்குள் தொலைக்காட்சிக்கு முன்னால் கிடக்கும் பிள்ளைகளை வெளியே கொண்டுவரத்தான் அவள் இத்தனை பாடுபட்டிருந்தாள்.

"ஒரு கால் தப்பினா வரிசையே கெட்டுடும், டீச்சர்" என்றார் அவர். "மேடையில இருக்கவங்க கண்ணுக்கு வரிசைதான் தெரியும்."

மறுநாள் அவள் ஓரங்கட்டியவர்களைப் பள்ளி வாசலுக்கு வெளியே தெருவில் இறக்கினாள். தொட்டால் சிலையாக நிற்க வேண்டும், கூட்டாளி வந்து தொட்டால் விடுதலை என்ற ஆட்டம். ஆனால் சிலையாக நின்றவர்களை மோட்டார் சைக்கிள்கள் கலைத்தன. சிலிண்டர் விற்கும் எரிவாயு லாரி பாட்டைப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றது. அடுத்த நாள் ஒரு மோட்டார் சைக்கிள் யுனுவெனின் பாவாடையை உரசிக்கொண்டு போயிற்று. வாசலில் நின்று பார்த்த தலைமையாசிரியர், பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு உங்களுடையதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதில் நியாயம் இருந்ததுதான் எரெந்திராவை உலுக்கியது. நாளையிலிருந்து வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்ல வாயெடுத்தாள்.

யுனுவெனின் அம்மா சொக்கோரோ வாசலருகே பழம் நறுக்கி விற்பவள். மாம்பழத்தின்மேல் மிளகாய்ப்பொடியைத் தூவிக்கொண்டே கேட்டாள்.

"இத்தன வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க டீச்சர். தெருவ எப்படி அடைக்கிறதுன்னு தெரியாதா?"

தெரியும். கல்யாணம், ஞானஸ்நானம், பெண்பிள்ளையின் பதினைந்தாம் பிறந்தநாள், சாவு எதுவானாலும் தெருவின் இரு முனையிலும் நாற்காலியைப் போட்டுவிடுவார்கள். யார் வீட்டு விசேஷம் என்று தெரியாத வண்டிக்காரனும் நாற்காலியைக் கண்டதும் திரும்பிப் போவான். அனுமதிச் சீட்டை யாரும் கேட்டதில்லை. ஆனால் பிள்ளைகள் ஓடியாடுவதற்காக யாரும் தெருவை அடைத்ததும் இல்லை.

மறுநாள் மதியம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாற்காலி வந்து தெருவின் இரு முனையையும் அடைத்தது. யாரோ காகிதத் தோரணமும் கொண்டுவந்து இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டினார்கள். எரிவாயு லாரி முனைக்கு வந்தது. தோரணத்தைப் பார்த்து, பாட்டை நிறுத்தி, பின்னோக்கிப் போனது. பிள்ளைகள் ஒரு கணம் வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு தெரு முழுக்க ஓடினார்கள்.

ஒத்திகை முடிந்து தலைமையாசிரியரின் கார் வாசலைத் தாண்டி வந்தபோது இரண்டு பக்கமும் வழி இல்லை. ஹாரன் அடித்தார். ஒருவரும் திரும்பவில்லை. கண்ணாடியை இறக்கி, யார் வீட்டு விசேஷம் என்றார்.

"எங்க வீட்டு விசேஷந்தான்" என்றாள் சொக்கோரோ, பழம் நறுக்கும் கத்தியை நிறுத்தாமல்.

"அனுமதி வாங்கினீங்களா?"

"உங்க மக பதினஞ்சாம் பிறந்தநாளுக்கு இதே தெருவ ரெண்டு நாள் அடைச்சீங்களே, சார். நீங்க யாருகிட்ட வாங்கினீங்க? நாங்களுந்தான வந்து ஆடினோம்."

பழம் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் எரெந்திராவின் பக்கம் திரும்பினார். இது மேலதிகாரிவரை போகும், வேலையே போகலாம் என்றார். அவள் நகரவில்லை.

"எழுதுங்க, சார். தெருவுல விளையாடவிட்டேன்னு எழுதுங்க. முற்றத்துல எடமில்லன்னு யாரு சொன்னாங்கன்னும் சேத்து எழுதுங்க."

"மொதல்ல நாற்காலிய எடுங்க."

"ஆட்டம் முடிஞ்சதும் எடுப்போம்."

"எப்ப முடியும்?"

"அம்மாமாரெல்லாம் வந்ததும்."

அவர் இறங்கி, தன் கையாலேயே ஒரு நாற்காலியை நகர்த்திவிட்டுப் போயிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் அவரும் இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். அடுத்தவர் விசேஷத்து நாற்காலியில் கை வைத்தவன் என்ற பேச்சு, அவர் செத்த பிறகும் இங்கே இருக்கும். எஞ்சினை அணைத்தார்.

கோபுரத்தின் அடியில் நிற்கத் தேர்ந்தெடுத்திருந்த பையன்கள் வெள்ளைச் சட்டையோடு வாசலில் தயங்கி நின்றார்கள். தங்களையும் சேர்த்துக்கொள்வார்களா என்று ஒருவன் கேட்டான். யுனுவென் அவன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடினாள். அவன் சிலையாக நின்றான். மற்றவர்கள் அவனை விடுவிக்கப் பாய்ந்தார்கள். ஆட்டம் காரைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

வெளிச்சம் மங்கியபோது கொட்டகை லாரி முனையில் தாய்மாரை இறக்கிவிட்டது. நாற்காலிகளைப் பார்த்து, ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எரெந்திரா பிள்ளைகளைக் கூப்பிட விசிலை எடுத்தாள். முன்னால் வந்த தாய் ஒருத்தி கையமர்த்தினாள். காலையிலிருந்து நின்றே வேலை செய்தவள், தெருவை அடைத்திருந்த நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"இருங்க, டீச்சர். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."

மற்றவர்களும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.