அப்பாவைக் கடித்தவளின் வம்சம்

லிசி வளர்த்த கொசுக்களுக்குப் பெயர் உண்டு. ஒரு தாய் வழிவந்தவை எல்லாம் ஒரே கூண்டில். அந்தத் தாய் பிடிபட்ட வீட்டுக்காரர் பெயரே கூண்டுக்கும். ஆராய்ச்சிக்கூடத்தில் அதுதான் வழக்கம். அப்படி ஒரு கூண்டின் பெயர் 'சகாயநாதன்'. அவளுடைய அப்பா. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கூண்டில் மட்டும் அவர் பெயர் சொல்லி ஒரு வம்சம் தழைத்துக்கொண்டிருந்தது.

பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவானைக்காவல் வீட்டில், ஒரு விடியற்காலை, அவர் கட்டிலை ஒட்டிய சுவரில் வயிறு சிவக்க உட்கார்ந்திருந்தது ஒரு மலேரியாக் கொசு. மாதக்கணக்கில் வீடு வீடாக அலைந்தும் லிசிக்குச் சிக்காத இனம். குழாயால் உறிஞ்சிப் பிடித்து, ஈரப் பஞ்சு வைத்து, அது முட்டையிடக் காத்திருந்தாள்.

"என்னைக் கடிச்சவளுக்கு நீ வளைகாப்பு பண்றியாம்மா?" என்று அப்பா சிரித்தார். அந்த வாரமே மாரடைப்பு. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து பார்த்தபோது அது முட்டையிட்டிருந்தது.

கொசுவின் முட்டை, குடித்த ரத்தத்தில்தான் விளையும். அந்த முதல் முட்டைகள் அப்பாவின் ரத்தத்தில் விளைந்தவை. அதற்குப் பிறகெல்லாம் காந்தி மார்க்கெட் கறிக்கடை ஆட்டு ரத்தம். அவருக்கும் இவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. லிசிக்கு இது தெரியாதா என்ன? தெரிந்துதான் தினமும் அந்தக் கூண்டின் முன் முதலில் போய் நின்றாள்.

இப்போது ஆராய்ச்சித் திட்டம் முடிந்துவிட்டது. அறை வேறு துறைக்குப் போகிறது. மலேரியாக் கொசுவை வெளியே விடவும் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. கூண்டுக்கு ஒன்றை அறுத்துக் குரோமோசோமைப் படமெடுத்துக்கொண்டு மிச்சத்தை உறையவைத்துக் கொன்றுவிட வேண்டும். அந்தப் படத்துக்கு முட்டை பாதி விளைந்த தாய்தான் வேண்டும். ரத்தம் குடித்த மறுநாள், இடுவதற்கு முன்பே அதை அறுக்க வேண்டும்.

மற்ற கூண்டுகளை எல்லாம் முடித்துவிட்டு இதை மட்டும் இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போனாள். வழிகாட்டி ஆனந்தவள்ளி மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "உன் கையாலயே முடிச்சிடும்மா. நான் செஞ்சா உனக்கு ஆறாது," என்றார்.

அன்று லிசி ஆட்டு ரத்தம் வாங்கவில்லை. விதிக்கு விரோதம்தான், தன் கையையே முழங்கை வரை கூண்டுக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அம்மா அக்னஸ் அந்தக் கையைப் பார்த்துப் பதறினாள். லிசி எல்லாவற்றையும் சொன்னாள். யாருக்கும் தெரியாமல் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது என்றாள்.

"அன்னிக்கு அவரு ஃபேனை நிறுத்திட்டு, சட்டையக் கழட்டிட்டுப் படுத்தாரு," என்றாள் அம்மா. "வந்து கடிக்கட்டும், புள்ள ஊரெல்லாம் தேடி அலையுதுன்னாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. கொசு வளக்கவா கடி வாங்குனாரு? நீ படிச்சு முடிக்கணும்னுதானே."

மறுநாள் லிசி அறுத்தாள். நுண்ணோக்கியில் ஜோடிக் குரோமோசோம்கள், தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று, கோட்டுக்குக் கோடு ஒட்டிக் கிடந்தன. ஓரிடத்தில் மட்டும், ஒன்றில் ஒரு துண்டு அறுந்து தலைகீழாக ஒட்டியிருந்தது. இப்படிப் புரண்ட துண்டுகள் சேர்ந்து சேர்ந்துதான் லட்சக்கணக்கான வருஷங்களில் ஓர் இனம் இரண்டாகப் பிரிகிறது. ஆனால் இங்கே இரண்டும் இன்னும் பிரியவில்லை. ஒன்று வளையமாக வளைந்துகொடுத்து மற்றதோடு பொருந்தியிருந்தது. எத்தனையோ முறை பார்த்த வளையம்தான். இன்று, புழுக்கத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படுத்த மனுஷன் கண் முன்னே வந்தார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

படமெடுத்தாள். கூண்டை உறைபெட்டிக்குள் வைத்து மூடினாள்.

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது கையைப் பார்த்தாள். தடிப்புகள் அடங்கத் தொடங்கியிருந்தன. சொறிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும் என்று சொறிந்துகொண்டாள்.