பெரிய வாத்துக்கு வாய் நீளம்

பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்கள் இரண்டு நாள் சரியாகத் தூங்காமல் ஒரு கேம் செய்யுங்கள். முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, கதவு இருக்கும் பக்கம் போகாமல் சுவரில் முட்டிக்கொண்டே நிற்கட்டும். நீங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். அப்புறம் என்னிடம் வந்து பேசுங்கள்.

எங்கள் கேம் ஜாமில் அதுதான் விதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அந்தத் தலைப்பில் ஒரு சின்னக் கேம் செய்து முடிக்க வேண்டும். முடித்ததும் டயர் கடைக்கு மேலே இருக்கிற ஹாலுக்கு எல்லோரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவோம். ஒருவர் செய்ததை இன்னொருவர் பத்து நிமிடம் ஆடிப் பார்த்து, ஒரு சீட்டில் கருத்து எழுதித் தர வேண்டும். ஆடி முடிக்கும்வரை செய்தவர் பேசக் கூடாது. கை காட்டக் கூடாது, தொண்டையைக்கூடச் செருமக் கூடாது. முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். "கேம் வெளிய போனா நீங்களும் கூடவே போயி வெளக்கிக்கிட்டா இருப்பீங்க?" என்பார் மணிக்காரர். கையில் ஒரு மேஜை மணியை வைத்துக்கொண்டு ஹாலை நடத்துகிறவர் அவர். அவர் சொல்வது நியாயம்தான். நியாயமாக இருப்பதால்தான் இன்னும் கடுப்பாகிறது.

போன ஜாமில் நான் ஒரு கல்லூரி மாணவியின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கிவிட்டேன். அவள் தப்பாக ஆடினாள், பிடுங்கினேன். அதற்கு முந்தைய ஜாமில் என்னுடைய ஒரே கேள்வியாக, "கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டேன். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த ஜாமில் ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கச்சி டீ டம்ளரை மேஜையில் டக்கென்று வைத்தாள்.

"அக்கா, இந்தத் தடவ நீ வாயத் தெறந்தா இதான் நம்ம கடைசி கேம். அப்புறம் உன்கூட பண்ண மாட்டேன். சத்தியமா."

"என்னடி, மிரட்டுறியா?"

"மிரட்டல. சொல்றேன்."

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. நான் கத்தினால் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படம் வரையப் போய்விடுகிறவள். அதனால் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அப்பா அம்மா போய் எட்டு வருஷமாகிறது. அந்த இரண்டு அறை வீட்டில் நானும் அவளும்தான். நான் பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிறேன், பகலெல்லாம் அடுத்தவர் பல்லைத் தேய்க்கிற வேலை. அவள் பிஸ்கட் டப்பாக்களுக்குப் படம் வரைகிறாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற ஒரே காரியம் இந்தக் கேம்தான். புரோகிராம் என்னுடையது, படமும் வசனமும் அவளுடையது. இதுவும் போய்விட்டால் எங்களுக்குள் என்ன பேச்சு மிஞ்சும்? கதவைப் பூட்டினியா, கேஸை மூடினியா, அவ்வளவுதான்.

இன்றைக்குத் தலைகீழாக நின்றாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் மாடிப்படி ஏறினேன்.

முதல் சுற்றில் நான் ஆட வேண்டி வந்தது ஒரு மருந்துக்கடைக்காரர் செய்த கேம். ஒரு நத்தை ரோட்டைக் கடக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். பத்து நிமிடம் அம்புக்குறியை அழுத்திப் பிடித்ததில் என் விரல் மரத்துப்போனது, நத்தை பாதி ரோட்டைக்கூடத் தாண்டவில்லை. கருத்துச் சீட்டில் மூன்று கேள்விகள் இருக்கும். எது பிடித்தது, எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எதை மாற்றலாம். முதல் இரண்டையும் காலியாக விட்டுவிட்டு, மூன்றாவதுக்கு நேராக "கேமை" என்று எழுதிக் கொடுத்தேன். மனிதர் அதை நிதானமாகப் படித்தார், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிம்மா. அடுத்த தடவ பாக்குறேன்."

திருப்பி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இப்படியாக்கா எழுதுவாங்க?" என்று தங்கச்சி பல்லைக் கடித்தாள்.

"பின்ன? சூப்பர், கலர் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"

அடுத்த சுற்றுக்கு மணிக்காரர் பட்டியலைப் பார்த்து எங்கள் மேஜைக்கு அனுப்பியது யாரை என்று நினைக்கிறீர்கள்? அதே மருந்துக்கடைக்காரரை.

எங்கள் கேம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தலைப்பு கதவு. ஒரு வீடு, அதில் ஒன்பது கதவுகள். ஒரு பெரிய வாத்தும் ஒரு சின்ன வாத்தும் அந்த வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். ஆடுகிறவர் பெரிய வாத்தை நடத்துவார். அது சாவியைத் தேடி எடுத்து ஒவ்வொரு கதவாகத் திறக்கும், சின்னது பின்னாலேயே வரும். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் இரண்டும் நின்று ஏதோ பேசிக்கொள்ளும்.

ஏதோ என்றுதான் சொல்ல முடியும். என்ன பேசிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. ஒரு கேமைச் சரிபார்க்க இரண்டு நாளில் முந்நூறு தடவையாவது ஓட்ட வேண்டும். முந்நூறு தடவையும் வாத்துகள் பேசி முடிக்கிறவரை எவள் காத்திருப்பாள்? எஸ் பட்டனை அழுத்தினால் வசனம் மொத்தமும் தாண்டிப் போகும்படி எனக்காக ஒரு குறுக்கு வழி போட்டு வைத்திருந்தேன். கேம் செய்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. சனிக்கிழமை காலையில் அவள் வந்து, "வசனம் போட்டுட்டேன்கா, ஒரு தடவ படிச்சுப் பாக்குறியா?" என்று கேட்டாள். "ஓடுதுல்ல? போதும். நீளமா இருக்கு, வெட்டு" என்றேன்.

ஒன்பதாவது கதவுக்கு மட்டும் அவள் ஒரே பிடிவாதம். அங்கே சாவி கிடையாது. எந்தப் பட்டனையும் தொடாமல் பெரிய வாத்து முப்பது விநாடி சும்மா நிற்க வேண்டும், அப்போதுதான் திறக்கும். முப்பது விநாடி எவன் சும்மா நிற்பான், மூன்று போதும் என்றேன். முப்பதுதான் என்றாள். சரி, ஒழியட்டும் என்று போட்டுக் கொடுத்தேன். அதையும் எஸ் அழுத்தித் தாண்டிவிடலாம் என்பதால் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மணி அடித்தது.

அந்த மனிதர் படித்தார். மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிற மாதிரி, ஒரு எழுத்து விடாமல், வாய் விட்டுப் படித்தார்.

"'நான் தெறக்கட்டுமா?' இது சின்ன வாத்து. 'நீ தெறந்து கிழிச்சே. தள்ளு.' ஓ, இது பெரிய வாத்து."

யோவ், படித்தது போதும், நடய்யா என்று எனக்குத் தொண்டைவரை வந்தது. பத்து நிமிடத்தில் ஒன்பது கதவு இருக்கிறது. கையை ஜீன்ஸ் பைக்குள் விட்டு முஷ்டியை இறுக்கிக்கொண்டேன்.

இரண்டாவது கதவு. "'குடை எடுத்துக்கிட்டேன்.' 'எங்க எடுத்தே? நான்தானே பையில வச்சேன்.'"

மூன்றாவது கதவு. "'சாப்டுட்டேன்.' 'பொய் சொல்லாதே. தட்டு காஞ்சு கெடக்கு.'"

எனக்கு எங்கேயோ இடித்தது. வியாழக்கிழமை சமையலறையில் நான் சொன்னது இது. ஒரு சொல் மாறாமல் நான் சொன்னது.

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். நாலாவது கதவில் பெரிய வாத்து, கடிதம் எழுதிய பேனா சரியில்லை என்று சின்ன வாத்தைத் திட்டியது. ஐந்தாவதில் மூச்சு விடுவது சரியில்லை என்று திட்டியது.

"இந்தப் பெரிய வாத்துக்கு வாய் ரொம்ப நீளம்போல" என்றார் மருந்துக்கடைக்காரர். ஹாலே கொல்லென்று சிரித்தது.

என் காது இரண்டும் கொதித்தது. கூடப் பிறந்தவள் என்னை வாத்தாக்கி ஊர் சிரிக்க வைத்துவிட்டாள். அதைத் திரையில் நடக்க வைத்தது, கதவு திறக்க வைத்தது, எல்லாம் நான் எழுதிய புரோகிராம். திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் லேப்டாப்பைப் படாரென்று மூடியிருப்பேன். காலையில் அவள் டம்ளரை வைத்த சத்தம் நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறாவது கதவு. "'எனக்கு ஒரு வேல கெடச்சிருக்கு. கார்ட்டூன் கம்பெனில. வேற ஊரு.' 'இங்க இல்லாத வேலையா?' 'மூணு வருஷம் முன்னாடியும் இதத்தான் கேட்டே. மூணு நாள் கத்துனே. நான் போகல.'"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் அந்த மூன்று நாள் நன்றாகவே ஞாபகம் இருந்தது.

ஏழாவது கதவு. "'இந்தத் தடவ கையெழுத்து போட்டுட்டேன்.'"

சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று சொல்கிற அதே குரலில் அவர் அதையும் படித்துவிட்டு, சாவியைத் தேடப் போனார். எட்டாவது கதவில் என்ன படித்தார் என்று என் காதில் விழவில்லை.

ஒன்பதாவது கதவுக்கு வரும்போது இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. மனிதர் எஸ்ஸைத் தவிர மற்ற எல்லாப் பட்டனையும் அழுத்தினார். பெரிய வாத்து கதவைக் கொத்தியது, குதித்தது, சுவரில் முட்டியது. ஒவ்வொரு பட்டனுக்கும் முப்பது விநாடி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கையை எடுய்யா, ஒன்றும் செய்யாதே, சும்மா நில், அவள் திறப்பாள் என்று மண்டைக்குள் கத்தினேன். தங்கச்சி அவரைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. கதவு திறக்கவே இல்லை. நான் வாயையும் திறக்கவில்லை.

அவர் ரொம்ப நேரம் எழுதிச் சீட்டை நீட்டினார். எது பிடித்தது: சின்ன வாத்து. எங்கே மாட்டிக்கொண்டீர்கள்: கடைசிக் கதவு. எதை மாற்றலாம்: ஒன்றும் வேண்டாம், பெரிய வாத்து கோபத்தில் கத்துகிற மாதிரி தெரியவில்லை, பயத்தில் கத்துகிறது.

உம்மை யாரய்யா கேட்டது, போய் மாத்திரை விற்கிற வழியைப் பாரும் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க ஒரு கேள்விய கேட்டுருங்க" என்றார் மணிக்காரர்.

நான் தங்கச்சி பக்கம் திரும்பினேன். "எப்போ போறே?"

"ஆடுனவர்கிட்டதான் கேக்கணும்" என்றார் மணிக்காரர்.

"ஒண்ணாம் தேதி" என்றாள் அவள். அதற்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"ஒரு கேள்விதாங்க" என்றார் மணிக்காரர். அந்த மணியைப் பிடுங்கி அவர் தலையிலேயே அடிக்கலாம் போல இருந்தது.

படியிறங்கி டயர் கடை வாசலுக்கு வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவில் நின்று கத்தினேன். "மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியுது. பக்கத்து மேஜைக்குத் தெரியுது. கூடப் பொறந்தவ நான், எனக்குக் கடைசியாத்தான் தெரியணுமா? அவ்ளோ வேண்டாதவளா ஆயிட்டேனாடி நான்?"

அவள் நான் முடிக்கிறவரை நின்றாள்.

"ஒனக்குத்தான்கா மொதல்ல சொன்னேன். சனிக்கிழம காலைலயே சொன்னேன். நேரா சொன்னா கத்துவேன்னு அதுல எழுதி வச்சேன். படிச்சுப் பாருன்னு கேட்டேன். நீ எஸ்ஸ அழுத்தி அழுத்தித் தள்ளிக்கிட்டே இருந்தே. ரெண்டு நாளா நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

கடைப்பையன் டயரை உருட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனான்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. லேப்டாப்பை மடியில் திறந்து கேமை முதலிலிருந்து போட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்த எட்டாவது கதவுல நான் என்ன நெனச்சு எழுதினேன்னா…"

"வாய மூடு. செஞ்சவங்க பேசக் கூடாது."

எஸ் பக்கம் விரலைக் கொண்டுபோகாமல் படித்தேன். எல்லாம் நான் பேசிய பேச்சு. இவ்வளவா பேசியிருக்கிறேன்? எட்டாவது கதவில் சின்ன வாத்து, "நீ இல்லன்னா நான் இந்தக் கதவு வரைக்கும் வந்திருக்க மாட்டேன்" என்றது. அதற்குப் பெரிய வாத்து என்ன சொல்லும் என்று அவள் எழுதவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது.

ஒன்பதாவது கதவில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் குலுங்கியது. முப்பது விநாடி என்பது அநியாயத்துக்கு நீளம். பெரிய வாத்து நின்றது. சின்னது அதைத் தாண்டி முன்னால் வந்து, அலகால் ஒரே தள்ளில் கதவைத் திறந்தது. வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னது.

"போய்ச் சேந்ததும் போன் பண்றேன். எடுத்த ஒடனே திட்டாதே."

"திட்டாம எப்படிடி எடுக்குறது?" என்று கத்தினேன். பாதியில் குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் விதிப்படி ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு வெறும் கருத்துச் சீட்டை எடுத்து லேப்டாப் மேல் வைத்தாள், பேனாவை நீட்டினாள். எது பிடித்தது, எங்கே மாட்டிக்கொண்டீர்கள் இரண்டையும் காலியாக விட்டேன். எதை மாற்றலாம் என்பதற்கு நேராக, "ஒண்ணாம் தேதியை" என்று எழுதிக் கொடுத்தேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிக்கா" என்றாள். தேதியை மாற்றவில்லை.