வடக்கு ஸ்டாண்டு முதுகைக் காட்டிய நாள்

சேதி வந்தபோது கம்ப்ரசர் ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் என்பது அவருடைய டயர்க்கடையில் காற்றடிக்கும் இயந்திரத்தின் பெயர்தான். கால்பந்து மைதானத்தில் அவர் கோஷம் போட ஆரம்பித்தால் வடக்கு ஸ்டாண்டு முழுக்கக் காற்று ஏறிவிடும் என்பதால் அது அவருக்கும் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது கரண்ட் பில்லில் மட்டும்தான் பார்க்கலாம்.

ஆம்புலன்ஸ் ஓட்டி ஓட்டி ஆம்புலன்ஸ் என்றே பெயராகிவிட்ட சிநேகிதர் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, கையில கனமா ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"டியூப்தான். ஏன்?"

"அப்ப சொல்லலாம். நம்ம டீமுக்குப் புதுக் கோச் யாருன்னு அறிவிச்சுட்டாங்க. உங்க மாப்பிள்ளை."

கம்ப்ரசரின் பிடி விட்டது. டியூப் துள்ளி எழுந்து அரைத் தொட்டித் தண்ணீரை அவர் முகத்தில் அடித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு மாப்பிள்ளைன்னு யாரும் கிடையாது."

"சரி, உங்க தங்கச்சி வீட்டுக்காரர்."

"எனக்குத் தங்கச்சியும்..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் டயர் கழற்றும் கடப்பாரையைக் கையில் எடுத்தார். ஆம்புலன்ஸ் இரண்டடி பின்வாங்கினார். எத்தனையோ விபத்துகளைப் பார்த்தவருக்கு, அடுத்தது எங்கே நடக்கும் என்று தெரியும்.

அந்தப் புதுக் கோச் ஒரு காலத்தில் இதே அணியின் பத்தாம் நம்பர். அந்தக் கால்களின் மேல் இருந்த மயக்கத்தில், கம்ப்ரசரே முன்னின்று தங்கையைக் கட்டிக்கொடுத்தார். கல்யாண போட்டோக்களில் மாப்பிள்ளையைவிட மைத்துனர்தான் அதிகமாகச் சிரித்துக்கொண்டிருப்பார். அடுத்த சீசனே மாப்பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணிக்குத் தாவினார். தாவியதைக்கூட வயிற்றுப்பாடு என்று விட்டிருக்கலாம். தாவிய கையோடு இங்கே வந்து கோல் அடித்தார். அதையும் தொழில் என்று விட்டிருக்கலாம். அடித்துவிட்டு நேரே வடக்கு ஸ்டாண்டுக்கு ஓடிவந்து, 'இப்ப கத்துங்களேன், கேப்போம்' என்பது போலக் காதில் கையை வைத்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் கம்ப்ரசர். ஸ்டாண்டு மொத்தமும் அடித்தவரை விட்டுவிட்டு, பெண் கொடுத்தவரைப் பார்த்தது.

அதோடு ஏழு வருஷம். தங்கையின் போனை அவர் எடுக்கவில்லை. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்த விஷயத்தை, பஞ்சர் ஒட்ட வந்த யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அன்று அந்த ஆளின் சக்கரத்து நட்டுகளை, இனி எந்தக் கடையிலும் கழற்ற முடியாதபடி முறுக்கி அனுப்பினார்.

சாயங்காலம் கடையில் ஸ்டாண்டுக்காரர்கள் கூடினார்கள். நாற்காலி கிடையாது, ஆளுக்கொரு பழைய டயர். அழுகின முட்டை அடிக்கலாம் என்றார் ஒருவர். நம்ம பையன்கள் மேலேயே படும் என்று அது தள்ளுபடியானது. மேட்சுக்கே போகாமல் இருக்கலாம் என்றார் இன்னொருவர். அவரை எல்லோரும் பார்த்த பார்வையில், தாமாகவே எழுந்து வேறு டயருக்குப் போய்விட்டார்.

"முதுகைக் காட்டுவோம்," என்றார் கம்ப்ரசர். "முதல் விசில்லேர்ந்து கடைசி விசில் வரைக்கும். அந்த மூஞ்சியை நாம பார்க்கவே கூடாது."

அந்த முடிவைப் பெருமையாக வீட்டுக்கு எடுத்துப் போனார்.

"காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மேட்சைப் பார்க்காம நிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"இது கொள்கை."

"கொள்கைக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? இங்கயே சுவத்தைப் பார்த்து நில்லுங்க. ஒட்டடையாவது கண்ணுல படும்."

மேட்ச் நாள். விசில் ஊதியது. "திரும்பு!" என்று கம்ப்ரசர் ஒரு குரல் கொடுத்தார். ஸ்டாண்டு மொத்தமும் புரண்டது. கால் மிதிபட்ட நாலைந்து பேர் கத்தினார்களே தவிர, பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் முன்வரிசைக்காரர் திரும்பினால் யாருக்கு எதிரே நிற்க வேண்டிவரும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. இரண்டாவது வரிசையில் ஒருத்தி மட்டும் திரும்பாமல் மைதானத்தைப் பார்த்து நின்றாள். அவளுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி.

"மறைக்குது. கொஞ்சம் குனி," என்றாள் தங்கை.

கம்ப்ரசர் குனிந்தேவிட்டார். அப்புறம்தான் கோபம் ஞாபகம் வந்து நிமிர்ந்தார். "உனக்கு யாரு இந்த இடத்தைக் கொடுத்தா?"

"அண்ணிதான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாங்க. உனக்கு நேர் பின்னாடி வேணும்னு கேட்டு வாங்கினாங்களாம்."

துரோகிகள் ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலும், அதுவும் தன் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

மேற்கு ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆரவாரம் எழுந்தது. கோலா? யாருக்கு? கம்ப்ரசர் அவள் முகத்தில் தேடினார். அவள் பல் டாக்டர் கிளினிக்கில் நர்ஸ். நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று, வாய்க்குள் எது தெரிந்தாலும் வெளியே காட்டாமல் பழகியவள்.

"என்ன ஆச்சு?"

"திரும்பிப் பாரு."

"மாட்டேன்."

"அப்ப தெரிய வேண்டாம்."

"அண்ணே, கோல்! நமக்குத்தான்!" என்றார் பக்கத்தில் ஆம்புலன்ஸ்.

"உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"கழுத்து சுளுக்கிடுச்சு அண்ணே. அதுவா அந்தப் பக்கம் போயிடுச்சு."

ஒருவருக்குத் தும்மல் வந்தது, இன்னொருவருக்குச் செருப்பு வார் அறுந்தது. இடைவேளைக்குள் ஸ்டாண்டு மொத்தமும் காரணம் கண்டுபிடித்துத் திரும்பிவிட்டது. கம்ப்ரசர் மட்டும் ஒற்றை ஆளாக நின்றார்.

"உன் புருஷன் என்னை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்தினான்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தப்புதான். அன்னிக்கே அவரை உட்கார வச்சுக் கேட்டேன். ரெண்டு வாரம் நான் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. நான் என்ன பண்ணினேன், அதைச் சொல்லு."

"கோபத்துல போனை எடுக்கல."

"யார் மேல கோபம்?"

"அவன் மேல."

"போன் பண்ணினது நான்." அவள் குரல் உயரவில்லை. "பிரசவ வார்டுலேர்ந்து பண்ணினேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவரையாவது அந்த கிளப்பு காசு கொடுத்து வாங்கிட்டுப் போச்சு. நீ என்னைச் சும்மாவே விட்டுட்டே."

ஏழு வருஷமாக ஊதி ஊதி வைத்திருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. அதை இவள் தலையில் இறக்கிவைத்திருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை மேல் இருந்தது போதாதென்று இப்போது தன் மேலும் எரிச்சல் வந்தது. அதற்கு எந்தப் பக்கம் முதுகைக் காட்டுவது?

இரண்டாவது பாதி முழுக்க அவர் அப்படியே நின்றார். கொள்கை எப்போதோ போய்விட்டது. பதில் சொல்லாமல் இவளிடமிருந்து திரும்பக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவளுடைய பயிற்சி பெற்ற முகத்தில் ஒரு புருவம் மட்டும் ஏறியது.

"ஒன்பதாம் நம்பரை வெளிய எடுக்கறாரு."

"யாரை?"

"ஒன்பதாம் நம்பரை. பதிலுக்கு ஒரு டிஃபென்டரை இறக்கறாரு."

"ஒரே ஒரு கோலை வச்சுக்கிட்டா?"

கம்ப்ரசர் திரும்பினார். தான் திரும்பியதே அவருக்குத் தெரியாது.

"யோவ் மாப்ளே! உனக்கு அறிவிருக்கா? அவனை எடுத்துட்டா பந்தை முன்னாடி யாருய்யா பிடிப்பா, உங்கப்பனா? அவனைத் திருப்பி இறக்குய்யா!"

ஸ்டாண்டு மொத்தமும் கோச்சை விட்டுவிட்டுக் கம்ப்ரசரைப் பார்த்தது. கோட்டோரம் நின்றிருந்த கோச்சின் தோள் ஒரு தரம் குலுங்கி நின்றது. மெதுவாகத் திரும்பி, முன்வரிசையில் அந்த முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். காதில் கையை வைக்கவில்லை. கையை என்ன செய்வது என்றே தெரியாமல் நின்றார். தன் வாயிலிருந்து என்ன உறவுமுறை வெளியே வந்தது என்பது அப்போதுதான் கம்ப்ரசருக்கு உறைத்தது. அதை மூடி மறைக்க, கோச்சின் மூளை, கண், பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் பந்து நம் கோலுக்குள் கிடந்தது. ஒன்றுக்கு ஒன்று. கடைசி விசில்.

"சொன்னேனா இல்லையா!" கம்ப்ரசர் முன்வரிசைத் தடுப்புக் கம்பியை ஓங்கி அடித்துவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பினார். "சொன்னேனா இல்லையா?"

"என்கிட்ட ஏன் கத்துற? வீட்டுக்கு வந்து அவர்கிட்ட கத்து."

"வருவேன். பயமா எனக்கு? நாளைக்கே வருவேன். மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுடாதே, அவனை நான் விடறதாயில்ல." குரலைத் தாழ்த்தினார். "போனை எடுக்காதது என் தப்பு. அதைத் தனியாத் திட்டிக்கோ."

"திட்டத்தான் போறேன். ஏழு வருஷத்துக்கும் சேர்த்து." அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "காலையிலயே வா. ஆனா மெதுவாக் கத்து, பாப்பா தூங்கிட்டிருப்பா."

"எழுப்பி வை," என்றார் கம்ப்ரசர், அடிபட்ட கையைத் தேய்த்துக்கொண்டே. "மாமா சண்டைக்கு வர்றாருன்னு சொல்லு."