கேட் திறந்தும் போகாத சிலுவைமுத்து

"இன்னிக்குக் காலைல ஒன்றரை மணி நேரம் சொம்மா குந்திகினு இருந்தேன் மாமு" என்றான் சிலுவைமுத்து.

துறைமுக வாசல் டீக்கடையில் பேச்சு நின்றுபோனது. ஒருவருக்குப் புரையேறியது. பாய்லர்கூடச் சீறுவதை விட்டுவிட்டுக் காது கொடுத்தது. இதே கடையில்தான் போன மாதம் காசிமேட்டு ஆள் ஒருவர், தான் பிடித்த சுறாவின் வயிற்றில் ஒரு சைக்கிள் இருந்ததாகச் சொன்னார். அதை எல்லோரும் நம்பினார்கள். டைனமோ விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்று மட்டும்தான் கேட்டார்கள். ஆனால் சிலுவைமுத்து சொன்னதை ஒரு ஆள்கூட நம்பவில்லை.

"நீ?" என்றான் பரசுராமன். கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச் மிஷினை ஓட்டுகிறவன். பத்து வருஷமாகச் சிலுவைமுத்துவின் கையை மட்டுமே பார்த்து வேலை செய்கிறவன். "நீ குந்தினியா? அதுவும் சொம்மா? கப்சா வுடறதுக்கும் ஒரு அளவு கீதுபா."

"மாதா மேல சத்தியமா."

"மாதாவ ஏன்டா பேஜாரு பண்றே? அவங்க நிம்மதியா நின்னுகினுகீறாங்க."

பரசுராமனைக் குற்றம் சொல்ல முடியாது. அறுபத்தொன்பதாம் வருஷத்து ராயபுரத்தில் சிலுவைமுத்துவைவிட வேகமான ஜீவன் இருந்ததில்லை. அவன் தெருமுனையில் திரும்பினால் அவன் நிழல் நாலு நிமிஷம் கழித்துத்தான் திரும்பும். சைக்கிள் மிதித்துக்கொண்டே சவரம் செய்வான். டீயை நடந்துகொண்டே குடித்து, அடுத்த கடையில் டம்ளரைக் கொடுப்பான். கல்யாணத்தில் மாதா கோயில் சாமியார் கேள்வியை முடிப்பதற்குள் "சம்மதம்" என்று சொல்லிவிட்டான். எதற்குச் சம்மதம் என்று புளோரன்ஸ் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் துறைமுகம், சாயங்காலம் சங்க வேலை, அதற்குமேல் கோயில் பாண்டு வாத்தியம், ஞாயிற்றுக்கிழமை கால்பந்துக் குழு. இவற்றில் எதை விட்டாலும் ராயபுரம் கடலுக்குள் சரிந்துவிடும் என்று மனதார நம்பினான்.

துறைமுகத்தில் அவனுக்குச் சைகை காட்டும் வேலை. கப்பலின் அடித்தளத்தில் சரக்குக் கட்டுகிறவர்கள் வின்ச் ஓட்டுகிறவனுக்குத் தெரியமாட்டார்கள். மேல்தளத்தில் திறப்பின் ஓரம் நின்றுகொண்டு கீழேயும் பார்த்து, பரசுராமனையும் பார்த்துக் கை காட்ட வேண்டும். விரலை மேல் நோக்கிச் சுழற்றினால் தூக்கு. கீழ் நோக்கிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையை விரித்து நீட்டினால் நிறுத்து. அந்த இரைச்சலில் வாய் எதற்கும் உதவாது.

இதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் இந்தக் கையை அவன் வீட்டுக்கும் கொண்டுவந்தான். பேச நேரமேது? வாசலில் நுழையும்போதே விரல் மேலே சுழலும். புளோரன்ஸ் சோற்றுப் பானையைத் தூக்க வேண்டும். கீழே சுழன்றால் தட்டு தரைக்கு வரவேண்டும். அவள் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் உள்ளங்கை நீளும்: அப்புறம். அந்த அப்புறம் ஐந்து வருஷமாக வரவில்லை.

மகள் ஆலிஸுக்கு நாலு வயது. அவள் எழுந்திருக்கும் முன்னே அவன் போய்விடுவான், தூங்கிய பின்னே வருவான். நடுவில் எப்போதாவது கண்ணில் பட்டால், வாயில் இட்லியோடு கையைக் காட்டிவிட்டு ஓடுவான். அந்தப் பெண் வாயைத் திறந்தால் கோயில் மணிகூட இடைவெளிக்குக் காத்திருக்கும், அப்பேர்ப்பட்ட பேச்சுக்காரி. ஆனால் அப்பனிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கையைத்தான் காட்டுவாள். பொம்மை வேண்டுமானால் விரல் மேலே. தூக்கம் வந்தால் விரல் கீழே. சிலுவைமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் பொண்ணு பொறவிலயே துறைமுகத் தொழிலாளி" என்று சங்கத்தில் சொல்லித் திரிந்தான்.

அந்தப் பெருமை இந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உடைந்தது.

கோயிலில் அவன் எப்போதும் வாசல் ஓரம்தான் நிற்பான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் சைக்கிள் பெடலில். சாமியார் மன்றாட்டுகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். நோயாளிகளுக்காக, கடலில் இருப்பவர்களுக்காக. பிறகு, "நம் பங்கில், சின்னஞ்சிறு பெண் குழந்தைக்குத் தகப்பனாக இருந்தும், அவளிடம் ஒரு வார்த்தை பேசமுடியாதபடி வாய் பேச வராத நம் சகோதரருக்காக" என்றார்.

அய்யோ பாவம், யாரோ என்று சிலுவைமுத்துவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூரை அதிரச் சொன்னான். ஓடுகள் மூன்று நகர்ந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

வெளியே வந்ததும் புளோரன்ஸிடம், "யாரு அந்த ஊமை? நம்ம சங்கத்துல சொல்லி எதனா செய்யணும்" என்றான்.

"நீதான்யா அது" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை ஆலிஸைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, உன் அப்பா என்ன செய்கிறார் என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். "நைனாவுக்குப் பேச வராது சிஸ்டர். கையாலதான் சொல்லும். பாவம்" என்று ஆலிஸ் சொல்லியிருக்கிறாள். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகச் சாமியாரிடம் போய்விட்டார்.

"நீ பக்கத்துலதானே இருந்தே? இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"கொயந்த இன்னா பொய்யா சொல்லிச்சு?" என்றாள் புளோரன்ஸ். "அது நெஜமாவே அப்டித்தான் நெனச்சுகினுகீது. ராத்திரி படுக்க சொல்ல உனுக்காக மாதாகிட்ட ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுது, தெரியுமா?"

சிலுவைமுத்து சைக்கிளைக் கீழே போட்டான். உடனே ஆலிஸைப் பிடித்து, "கண்ணு! நைனா பேசுவேன்!" என்றான். அவன் குரல் கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பழகிய குரல். குழந்தை மிரண்டு, அம்மா புடவைக்குள் புகுந்துகொண்டு, உள்ளங்கையை மட்டும் வெளியே நீட்டியது: நிறுத்து. திங்கட்கிழமை காலை மறுபடி முயன்றான். எழுப்பிப் பேசிவிட்டு ஓட அவனிடம் இரண்டு நிமிஷம் இருந்தது. மறுபடி உள்ளங்கை.

"இதுலயும் அவசரமா?" என்றாள் புளோரன்ஸ். "அவகூட கொஞ்சம் குந்துய்யா. இப்பவே கையால பேசிகினுகீது. இன்னும் கொஞ்ச நாள் போனா கையும் காட்டாது."

அந்தக் கடைசிச் சொல் அவனை நாள் முழுக்க அரித்தது. ஆகவேதான் செவ்வாய்க்கிழமை ஆலிஸைப் பள்ளிக்கூடத்தில் விடும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டான். அதிலும் கணக்குப் போட்டான்: ஏழு மணிக்குக் கிளம்பினால் ஏழே காலுக்குப் பள்ளிக்கூடம், எட்டுக்குத் துறைமுகம். போகும் வழியில் பேசிக்கொள்ளலாம்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. எதிரே ஒரு சரக்கு ரயில். அன்று வந்த ரயிலுக்கு அறுநூறு வண்டிகள்; எஞ்சின் கொருக்குப்பேட்டையில், கார்டு எண்ணூரில். அதுவும் போகிற ரயில் இல்லை, முன்னே பின்னே ஊர்ந்து வண்டி சேர்க்கிற ரயில். கொருக்குப்பேட்டைக்காரர்கள் இதற்கெல்லாம் நிற்கமாட்டார்கள். வண்டிகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்ததும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு அடியில் குனிந்து, மறுபக்கம் போய்விடுவார்கள். சிலுவைமுத்து இதில் சாம்பியன். ஆலிஸை இறக்கிவிட்டுச் சைக்கிளைத் தோளில் ஏற்றினான்.

ஆலிஸ் எதிரே வந்து நின்று உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

துறைமுகத்தில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு என்பதைச் சைகைக்காரன் மட்டும்தான் காட்டலாம். நிறுத்து என்பதை யார் வேண்டுமானாலும் காட்டலாம். கூட்டுகிறவன் காட்டினாலும், சமையல்காரன் காட்டினாலும், ஏன் என்று கேட்காமல் நிறுத்தியாக வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தால் யார் தலையிலாவது சரக்கு விழும். பதினாலு வருஷமாக எலும்பில் ஊறிய சட்டம். சிலுவைமுத்துவின் கால்கள் அவனைக் கேட்காமலே நின்றன. தோளிலிருந்து சைக்கிள் இறங்கியது. கேட்டுப் பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய ரயில் கட்டைகள்மேல் போய் உட்கார்ந்தான். ஆலிஸும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் வண்டிகள் ஊர்ந்தன. ஆலிஸ் ஒரு வண்டியைக் காட்டி விரலை மேலே சுழற்றினாள். இதில் என்ன தூக்குவீர்கள் என்று கேட்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

"கரி" என்றான்.

யார் பேசியது என்று ஆலிஸ் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவனுக்கே சந்தேகம்தான். இவ்வளவு சின்னக் குரல் தன்னிடம் இருந்தது அவனுக்குத் தெரியாது. அவள் அடுத்த வண்டியைக் காட்டினாள்.

"கோதும. அது இரும்பு பைப்பு, மணலிக்குப் போவுது. இது காலி. காக்கா மட்டும் டிக்கெட் இல்லாம போவுது பாரு."

ஆலிஸ் நெருங்கி வந்து அவன் உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள். "நைனா, உனுக்குப் பேச வருமா?"

"வரும் கண்ணு."

"எப்போலேந்து?"

அவன் யோசித்தான். "இன்னிலேந்து."

"எனுக்கு முன்னாடியே வரும்" என்றாள் அவள். அவ்வளவுதான், அணை உடைந்தது. அவள் பேசியதில் இரண்டு எஞ்சின்கள் விசிலடிப்பதை மறந்தன. பக்கத்து வீட்டு ரோசியின் பூனை, நடக்கத் தெரிந்த இட்லி, சிஸ்டரின் மூக்கு. பேசும்போது அவள் முன்பல்லில் ஒரு மூலை இல்லாததைச் சிலுவைமுத்து பார்த்தான்.

"பல்லு எப்போ ஒடஞ்சுது?"

"போன கிறிஸ்மஸ்ல. நீ பாண்டு வாசிக்கப் போயிருந்தே."

அவன் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தான். அவள் சிரித்தாள்.

கேட் திறந்தது. லாரிகள், மாட்டுவண்டிகள், சைக்கிள்கள் எல்லாம் போயின. கேட்காரர் சௌக்கத் அலி கத்தினார்: "யோவ் சிலுவை! தொறந்துட்டேன்யா!" சிலுவைமுத்து உள்ளங்கையைக் காட்டினான். கேட் மூடியது. மறுபடி திறந்தது. அவன் அசையவில்லை. மூன்றாவது முறை சௌக்கத் அலி ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து, "மார்வலியாபா? ரிக்ஷா கூப்பிடவா?" என்றார்.

"இல்ல பாய். பேசிகினுகீறோம்."

அப்போதுதான் தன் தோள்கள் கீழே இறங்கியிருப்பதை அவன் கவனித்தான். தோள் என்பது காது மடலை ஒட்டி இருக்கும் உறுப்பு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தான். மூச்சு வயிறு வரை போய் வந்தது. கரிப்புகைகூட அன்று மணத்தது.

எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் போய், "மன்னிச்சுக்குங்க சிஸ்டர், லேட்டாயிடுச்சு" என்றான். சிஸ்டர் கையிலிருந்த ஜெபமாலை கீழே விழுந்தது. இரண்டே நாளில் மன்றாட்டு கேட்கப்பட்டுவிட்டதே! மணியடித்து எல்லாக் குழந்தைகளையும் கூட்டி ஒரு நன்றிப் பாட்டுப் பாடவைத்துவிட்டுத்தான் அவனை விட்டார்.

துறைமுகத்துக்குப் போனபோது மணி ஒன்பதரை. கப்பல் மூழ்கியிருக்கவில்லை. கூட வேலை பார்க்கும் செல்வம் அவன் இடத்தில் நின்று, கொஞ்சம் கோணலாகத்தான் என்றாலும், கை காட்டிக்கொண்டிருந்தான். பரசுராமன் வழக்கம்போல இறக்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் சிலுவைமுத்துவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன்மேல் பத்து டன் சரக்கு இருந்ததும், யாரோ கொக்கியைக் கழற்றி அதை எடுத்துப் போனதும் அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் டீ நேரம் வரை தாக்குப்பிடித்தான். அப்புறம்தான் டீக்கடையில் அந்த வார்த்தையைச் சொன்னான்.

மத்தியானத்துக்குள் கொருக்குப்பேட்டை லாரிக்காரர்கள் சௌக்கத் அலியின் சாட்சியத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். எல்லோரும் நம்பினார்கள். பரசுராமன் மட்டும் அசையவில்லை. "பாய்க்குக் கண்ணு மங்கிப்போச்சு. வேற எவனோ குந்திகினு இருந்திருப்பான்" என்றான். "உன் பொண்ணையே கேக்கறேன். கொயந்த பொய் சொல்லாது."

சாயங்காலம் வேலை முடிந்ததும் பரசுராமன் நேராகச் சிலுவைமுத்துவின் வீட்டுக்கு வந்துவிட்டான். அன்று சிலுவைமுத்து சங்கத்துக்குப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்து ஆலிஸுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒன்றை உரித்து, அதைத் தின்று முடிக்கும் வரை பார்த்திருந்துவிட்டு, அடுத்ததை உரித்தான்.

"வாங்கண்ணா" என்றாள் புளோரன்ஸ்.

"இரும்மா. தா பாரு கண்ணு, காலைல உங்க நைனா கேட்டாண்ட எவ்ளோ நேரம் குந்திகினு இருந்துச்சு? ரெண்டு நிமிசமா, மூணு நிமிசமா?"

ஆலிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் பரசுராமன் மாமாவா? மிஷின் ஓட்டுற மாமா?"

"ஆமா."

"வலது கால் செருப்பக் கழட்டி வெச்சிட்டுத்தான் ஓட்டுவியாமே?"

பரசுராமன் சிலுவைமுத்துவைப் பார்த்தான்.

"வெயில்ல தொப்பிய நீ போட்டுக்காம மிஷினுக்குப் போட்டுடுவியாமே? மொதல் மூட்டையத் தூக்கறதுக்கு முன்ன கண்ண மூடிகினு, சத்தமே இல்லாம, வரலட்சுமி வரலட்சுமின்னு ரெண்டு வாட்டி சொல்லுவியாமே? வரலட்சுமி யாரு மாமா? சாமியா?"

புளோரன்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வரலட்சுமி பரசுராமனின் பெண்சாதி. தண்டையார்பேட்டையில் அவனை நித்தம் வறுத்தெடுக்கிறவள். இந்த விஷயம் அவளுக்கே தெரியாது. பரசுராமன் காதுவரை சிவந்தான்.

"உதட்ட மட்டும்தானேடா அசைப்பேன்" என்றான் மெல்ல. "நீ அதெல்லாமா பாத்துகினு இருந்தே?"

"பத்து வருசமா எதிர்ல நிக்கிறேன். பாக்காம இன்னா? சொல்றதுக்குத்தான் நேரம் இல்ல" என்றான் சிலுவைமுத்து.

"காலைல கேட்டாண்ட நைனா இன்னும் சொல்லிச்சு மாமா" என்று ஆலிஸ் தொடங்கினாள். "நீ சிரிச்சா எப்டி இருக்கும்னு சொல்லிச்சு. அப்புறம் செல்வம் மாமாவப் பத்தி, கப்பல்ல வந்த கொரங்கப் பத்தி..."

பரசுராமன் இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். சிலுவைமுத்து அவன் கையில் ஒரு பிடி வேர்க்கடலையை வைத்தான். இன்னும் கேட்க எவ்வளவோ இருந்தது. ஆலிஸ் மூச்சு வாங்குவதற்கு நிறுத்தியபோது பரசுராமன் தலையை ஆட்டினான்.

"குந்திகினுதான்டா இருந்துகீறே" என்றான். "ஒன்றரை மணி நேரமா? இவ்ளோ பேசறதுக்கு ரெண்டு மணி நேரமாவது ஆயிருக்கும்."