காய்ச்சல் விட்ட பகல்

சாலையிலிருந்து அக்கா வீட்டுக்குப் படியிறங்கும்போதே முவானிக்குப் பாட்டும் மேளமும் கேட்டன. தன்னை வரவேற்கத்தான் பாடுகிறார்கள் என்று நினைத்துப் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். இரண்டு வருடம் கம்போடியாவில் கிறிஸ்தவ ஊழியம் செய்துவிட்டு அன்றுதான் மிசோரத்தில் தன் ஊரான ஐஸாலுக்கு வந்திருக்கிறாள். திரும்பி வரும் ஊழியர் முதல் ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நின்று, போன இடத்தில் கடவுள் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறை எப்படித் தாண்டுவது என்றுதான் விமானத்திலும் ஜீப்பிலும் யோசித்து யோசித்து மண்டை காய்ந்து வந்தாள்.

பாட்டு அவளுக்காக இல்லை. அக்கா தாங்கி வாசலுக்கு ஓடி வந்து கட்டிக்கொண்டு விஷயத்தைக் கொட்டினாள். மகள் ரினிக்கு நாலு நாளாக அனல் பறக்கும் காய்ச்சல். சபைப் பெண்கள் வந்து ராப்பகலாக ஜெபம் செய்தார்கள். இன்று காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது.

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன்னு அவங்கப்பா சில்சார்லேருந்து போன்ல ஒரே கத்தல். நான் அசையலியே. உன் கடுதாசியத்தான் நெனச்சுக்கிட்டேன்” என்றாள் தாங்கி. அவள் முகம் பெருமையில் பூரித்திருந்தது.

முவானியின் கையிலிருந்த பை நழுவியது.

அந்தக் கடிதத்தைச் சபையில் அறியாதவர் கிடையாது. வெளிநாட்டிலிருக்கும் ஊழியர் எழுதுவதைப் புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் உரக்க வாசிப்பார்கள். அந்தப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பவர்கள். முவானியைக் கம்போடியாவுக்கு அனுப்பியதே அந்த அரிசியை விற்ற பணம்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் எழுதியது இது: வுத்தி என்ற ஐந்து வயதுப் பையனுக்கு நாலு நாள் காய்ச்சல். அவன் அம்மா போபா பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். நான் தடுத்து, விசுவாசத்தோடு இரு என்றேன். இரவெல்லாம் ஜெபித்தோம். காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது.

எழுதிய கையோடு போனில் அனுப்பியும் விட்டாள். மறுநாள் விடிவதற்குள் வுத்தி செத்துப்போனான். கொசுவால் வரும் அந்தக் காய்ச்சலில் சூடு இறங்கும் நேரம்தான் கண்டம் என்று பிறகு வந்த டாக்டர் அவளிடம் சொன்னார். கைகால் சில்லிடும், வயிறு வலிக்கும், பிள்ளை நிலைகொள்ளாமல் புரளும், அப்புறம் அடங்கிவிடும் என்றார். அடுத்த கடிதம் எழுதத்தான் அவள் உட்கார்ந்தாள். அதற்குள் ஊரிலிருந்து செய்தி வந்தது. வுத்தி பிழைத்த சந்தோஷத்தில் பெண்கள் ஒரு வாரமாக ஒரு பிடிக்கு இரண்டு பிடி எடுத்து வைக்கிறார்களாம். முவானி அந்தக் கடிதத்தை எழுதவே இல்லை.

உள்ளே ரினி சுவரோரம் படுத்திருந்தாள். ஏழு வயது. முவானி போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. என்ன பண்ணுது என்று கேட்டதற்கு வயிறு வலிக்கிறது என்று முனகிவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டாள். காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி எடுத்தாளாம்.

கால் இப்படிச் சில்லிட்டிருக்கிறதே என்றாள் முவானி மெதுவாக.

“காய்ச்சல் விட்டா குளுராம கொதிக்கவா செய்யும்? உக்காந்து டீயக் குடிடி” என்றாள் பெண்கள் கூட்டத் தலைவி பி சியாமி. வயதில் மூத்தவள் என்பதால் மரியாதைக்கு எல்லோரும் அவளைப் ‘பி’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

எதற்கும் ஒரு டாக்டரிடம் காட்டிவிடலாமே என்று முவானி இழுத்தாள். அப்போதுகூட அவள் தப்பிக்கத்தான் வழி பார்த்தாள். உண்மையைச் சொல்லாமல் பிள்ளையை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட முடியாதா என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

பி சியாமி சிரித்தாள். “பாத்தீங்களா, கம்போடியாவுல விசுவாசம், வீட்டுக்கு வந்தா டாக்டர். அந்த ஊரு தண்ணி இவளுக்கு ஆகல போலிருக்கு.”

பெண்களும் சிரித்தார்கள். மேளக்காரி அடுத்த பாட்டைத் தொடங்கினாள். ரினி புரள்வதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினாள். பாருங்கள், நல்லாத் தூங்குகிறாள் என்று யாரோ சொன்னார்கள். வுத்தி இப்படித்தான் தூங்கினான்.

“அந்தப் பையன் செத்துட்டான்” என்றாள் முவானி.

பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. எந்தப் பையன் என்று தாங்கி கேட்டாள்.

“வுத்தி. கடுதாசி அனுப்புன மறுநாளே செத்துட்டான். இதே மாதிரி சூடு எறங்கிச்சு, இதே மாதிரி கால் குளுந்துச்சு. நான்தான் அவங்கள ஆஸ்பத்திரிக்குப் போக விடல. அக்கா, நீ அப்புறமா என்னை அடி. இப்பப் பிள்ளையத் தூக்கு.”

தாங்கி அடிக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளையைப் போர்வையோடு வாரிக்கொண்டு படியேறி ஓடினாள். சிரித்த பி சியாமிதான் மூச்சிரைக்க முன்னால் ஓடிச் சாலையில் டாக்ஸியை மறித்தாள். வண்டியில் முவானி ரினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நாடி கைக்குத் தட்டுப்படவே இல்லை. கடவுளே என்று கூப்பிடக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் திணறினார்கள். மூன்றாவது முறைதான் மருந்து ஏறியது. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். சாயங்காலம் ரினி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் தாங்கி அழுதாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தவள், உண்மை தெரிந்தபின் முதல்முறையாகத் தங்கையை நேருக்கு நேர் பார்த்தாள். சபையில் என்ன சொல்வாய் என்று கேட்பாள் என முவானி எதிர்பார்த்தாள்.

“அந்தப் பையனோட அம்மாவுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா அவன் பொழச்சிருப்பான்னு நீ சொன்னியா?”

முவானி தலையை ஆட்டினாள். சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று போபா அவள் பையைப் பேருந்துவரை சுமந்து வந்தாள். என் பிள்ளை சூடு தணிந்து நிம்மதியாகப் போனான், அதற்கு உன் ஜெபம்தான் காரணம் என்று கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டுக்கொண்டு முவானி பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள்.

தாங்கி ரினியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, “அவளக் கூப்பிடு. இப்பவே. நான் பக்கத்துல இருக்கேன்” என்றாள்.

முவானி போனை எடுத்துப் போபாவின் எண்ணை அழுத்தினாள். எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று முவானி வேண்டிக்கொண்டாள். இரண்டாவது மணியிலேயே போபா எடுத்துவிட்டாள். யார் என்று தெரிந்ததும் அவள் குரல் மலர்ந்தது. நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாயா, ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டாள்.