பாலறுகுக்குப் போன சைட்கார்

நாலு பேர் தூக்கிப் போவது பிணத்தை. கல்யாண வீட்டுக்கு வரும் மாமியை யாரும் அப்படித் தூக்குவதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து தங்கையின் புருஷனான மைத்துனர் தொலைபேசியில் கூப்பிட்டு, வான் அனுப்புகிறேன், நாலு பெடியள் அக்காவைக் கதிரையோடு தூக்கி ஏற்றுவார்கள் என்று சொன்னபோது, கதிர்காமநாதன் மறுபேச்சுக்கு இடம் வைக்கவில்லை.

"சிவபாக்கியம் தன்ர காலால வருவா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சொல்லிவிடலாம், கூட்டிப் போவது எப்படி? மனைவி சிவபாக்கியத்தின் வலக்கால் முழங்காலில் மடங்காது. உள்ளே இரும்புத் தகடு வைத்து ஒரு வருடம். பஸ் படியில் ஏற முடியாது; ஓட்டோவில் காலை நீட்ட இடமில்லை; கார்க் கதவு காலை உள்ளே விடாது. ஆனால் மணப்பெண் கதிர்காமநாதனுடைய தங்கையின் மகள். மணப்பெண்ணைத் தலை முழுக்காட்டுவதற்கு முன், தாய்மாமனும் மாமியும் சேர்ந்து நின்று அவள் தலையில் பாலில் தோய்த்த அறுகம்புல்லை, முதல் பாலறுகாக, வைக்க வேண்டும். மாமி வராவிட்டால் அந்த இடத்துக்கு மைத்துனரின் தமக்கை வருவாள். அவள் அதற்கென்றே கூறை போலச் சிவப்பான ஒரு சேலை எடுத்துவிட்டதாகவும் கேள்வி.

வெள்ளவத்தை வீட்டின் பின்பக்கத்தில் தகப்பனாருடைய சைட்கார், மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் மாட்டும் ஒற்றை ஆசன வண்டி, கிடந்தது. முப்பத்தெட்டாம் ஆண்டு வாங்கியது. எண்பத்து மூன்று கலவரத்தில் பழைய வீட்டோடு அதன் ஆசனமும் மரமும் எரிந்து, இரும்புச் சட்டமும் தகட்டு உடம்பும் எஞ்சின. காலை நீட்டி உட்கார்ந்து போக அதைவிட நல்ல வாகனம் கொழும்பில் இல்லை என்று கதிர்காமநாதனுக்கு ஒரு காலையில் பட்டது. பட்டபின் அவரை நிறுத்த ஆளில்லை. லொறி ஒன்றில் அதை ஏற்றி, தன்னுடைய இருநூறு சீசீ ஹொண்டா மோட்டார் சைக்கிளில் முன்னால் ஓடி, கொம்பனித்தெருவில் ஸாலிஹின் கராஜில் போய் நின்றார்.

ஸாலிஹ் இரண்டையும் மூன்று முறை சுற்றி வந்தார். பழைய மோட்டார் சைக்கிள்களில் சைட்கார் மாட்டவென்றே கம்பனிக்காரன் இரும்புக் காதுகள் வைத்திருப்பான், இதில் மெல்லிய குழாய்தான் இருக்கிறது, பிடிக்க ஒன்றுமில்லை என்றார். முடியாது என்று மட்டும் சொல்லவில்லை. தடித்த குழாயை வளைத்து எஞ்சினுக்குக் கீழே ஒரு தொட்டில் செய்தார். அதிலிருந்து கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு இரும்புக் கைகள் இடப்பக்கத்தில் சைட்காரைப் பிடித்தன. ஆசனத்துக்குச் சிவப்பு ரெக்சீன் போட்டார்.

எல்லாம் முடிந்து பார்த்தால் மோட்டார் சைக்கிள் வலப்பக்கம் சற்றே சாய்ந்து நின்றது. எங்கள் வீட்டு வண்டி ஏன் கோணி நிற்கிறது என்று கதிர்காமநாதன் கேட்டார். ஆள் ஏறினதும் நிமிரும், சாய்வு போதாவிட்டால் ஓடும்போது இடப்பக்கம் இழுக்கும் என்று ஸாலிஹ் விளக்கினார். பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"அம்மா எத்தின கிலோ ஈப்பாங்க ஐயா?"

கராஜில் வேலை செய்த மூவரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்நிய ஆண்களுக்கு நடுவில் பெண்சாதியின் எடையைச் சொல்லும் வழக்கம் கதிர்காமநாதனின் பரம்பரையில் இல்லை.

"அம்பது."

ஒருமுறை அம்மாவையே கூட்டிவந்து இருத்திப் பார்த்தால் நல்லது என்றார் ஸாலிஹ். கராஜில் வந்து குந்தியிருக்கிற பெண்டுகள் எங்கள் வீட்டில் இல்லை என்று பதில் வந்தது. ஆகவே ஐம்பது கிலோ சம்பா மூட்டை ஒன்றை ஆசனத்தில் ஏற்றிச் சாய்வைப் பிடித்தார்கள். அந்த மூட்டையோடு கதிர்காமநாதன் கல்கிசை வரைக்கும் போய் வந்தார். வண்டி கோடு கீறியது போல ஓடியது.

கல்யாண நாள் காலை ஆறரைக்கு, பச்சைப் பட்டுடுத்து, காலை நேரே நீட்டி, சிவபாக்கியம் சைட்காரில் அமர்ந்தாள். அயல்வீட்டார் பல்கனிகளில் நின்று பார்த்தார்கள். கதிர்காமநாதன் முதுகை நிமிர்த்திக்கொண்டு காலி வீதியில் ஏறினார்.

ஏறிய கணத்திலேயே வண்டி இடப்பக்கம் இழுத்தது. அவர் வலப்பக்கம் மல்லுக்கட்டினார். பம்பலப்பிட்டியில் சோதனைச் சாவடிக்காக வேகத்தைக் குறைத்தபோது கை சற்றுத் தளர்ந்தது. வண்டி நேரே மண்மூட்டைகளை நோக்கிப் போய் ஒரு முழம் இருக்க நின்றது. இரண்டு சிப்பாய்கள் துவக்கை நீட்டிவிட்டார்கள். அந்த நாட்களில் அப்படிப் பாய்ந்து வருகிற வண்டிக்கு ஒரே அர்த்தம்தான்: குண்டு. கதிர்காமநாதன் இரண்டு கைகளையும் உயர்த்தினார். சிவபாக்கியம் நெற்றிப் பொட்டும் மல்லிகைப் பூவுமாக அசையாமல் இருந்து, கல்யாணத்துக்குப் போகிறோம், வண்டி புதிது என்று சிங்களத்தில் சொன்னாள். அடையாள அட்டைகளைப் புரட்டி, ஆசனத்தைத் தட்டி, அடியில் குனிந்து பார்த்து, பத்து நிமிடத்தில் விட்டார்கள்.

கொஞ்சத் தூரம் உருட்டி வந்தபின் அவள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஸாலிஹ் நானாவுக்கு என்ன கணக்குச் சொன்னனீங்கள்?"

"அம்பது."

"எங்கட கலியாணத்திலயும் நான் அம்பது இல்லை," என்றாள் சிவபாக்கியம். "எண்பத்திரண்டு. கிளினிக் அட்டையில கிடக்கு."

"ஊருக்கெல்லாம் அதைச் சொல்ல வேணுமே?"

"என்னைக் கொண்டுபோய் மண்மூட்டையில இடிச்சுப்போட்டு ஊருக்கு என்னத்தைச் சொல்லுவியள்? கராஜுக்கு விடுங்கோ."

மைத்துனரின் வானைக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. கதிர்காமநாதன் கூப்பிடவில்லை. இழுக்கிற வண்டியை ஊர்ந்து ஊர்ந்து கொம்பனித்தெருவுக்குக் கொண்டுபோனார். ஸாலிஹ் மாடியிலிருந்து சாரம் கட்டியபடியே இறங்கி வந்ததும், சிவபாக்கியம் இருந்த இடத்திலிருந்தே எடையைச் சொன்னாள். தெருவுக்கே கேட்டது. ஸாலிஹ் சிரிக்கவில்லை, ஸ்பானரை எடுத்து மேல்கைகள் இரண்டையும் தளர்த்தி, மோட்டார் சைக்கிளை இன்னும் வலப்பக்கம் சாய்த்து இறுக்கத் தொடங்கினார். பாண் வாங்க வந்தவர்களும் பள்ளிக்குப் போகிறவர்களும் கூடிவிட்டார்கள். கராஜ் கதவை இறக்கட்டுமா என்று கதிர்காமநாதன் மெல்லக் கேட்டார். உள்ளே புழுங்கும், திறந்தே இருக்கட்டும் என்றாள் அவள். அவர் அவளுக்குப் பக்கத்தில், சேலைத் தலைப்பு கிறீசில் படாமல் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். அரைமணி நேரமும் நின்றார்.

பிறகு வண்டி இழுக்கவில்லை. கோட்டையைக் கடந்து கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் திரும்பியபோது அவர் ஒரு கையால் ஓட்டினார்.

வாசலில் மைத்துனர் கடிகாரத்தோடு நின்றார். உள்ளே அவர் தமக்கை பால் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டாள். சிவபாக்கியம் காலை முதலில் வெளியே வைத்து, ஊன்றுகோலை ஊன்றி, தானாகவே எழுந்தாள். ஏன் இவ்வளவு பிந்தினது என்று மைத்துனர் கேட்டார்.

"பிழை என்ர," என்றார் கதிர்காமநாதன். "சிவபாக்கியத்தின்ர எடையைக் குறைச்சுச் சொல்லிப்போட்டன்."

பிழை என்பது நாற்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத வார்த்தை. மைத்துனர் வழிவிட்டார். தமக்கை கிண்ணத்தை நீட்டினாள். சிவபாக்கியம் அதை வாங்கி, அறுகைப் பாலில் தோய்த்து, புருஷன் பக்கத்தில் வந்து நிற்கும்வரை கையை நிறுத்தி வைத்திருந்து, மணப்பெண்ணின் உச்சியில் வைத்தாள்.